ஆகாயத்தாலை எத்தினை மைல்

“சிங்கப்பூரிலையிருந்து இஞ்சை ஆகாயத்தாலை எத்தினை மைல் வரும்?” என்று காலையில் கோப்பி கொண்டு வந்தபோது கனகாம்பிகை கேட்டிருந்தாள்.

“உமக்கேன் அது?”

“சும்மாதான்.”

காங்கேசன்துறைப் பக்கம் ஆகாயக் கப்பல் இறங்கத் தொடங்கிய நாளிலிருந்து உடுவிலில் எல்லோருக்கும் இந்தப் பைத்தியம்தான். பக்கத்து வீட்டு இளையதம்பி சுன்னாகச் சந்தைக்குக்கூட ஆகாய வழியில் கணக்குச் சொல்வார். ஆனால் தன் மனைவி எதையும் சும்மா கேட்பவள் அல்ல என்று செல்வரட்ணத்துக்குத் தெரியும்.

நாளைக்கு அவன் சிங்கப்பூருக்கு, வேலைக்குத் திரும்புகிறான். லீவில் வந்த நாள்முதல் அவள் எதையோ கேட்க வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தாள். தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லப்போகிறாள். வேறென்ன?

கூட்டிக்கொண்டு போனால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். யப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்திருந்த காலத்தில் கடிதமும் கப்பலும் நின்று, ஊரில் யார் உயிரோடிருக்கிறார்கள் என்றே தெரியாமல் கிடந்தபோது, அங்கே ஒருத்தி அவனுக்குத் துணையானாள். அந்தப் பெண் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பெற்ற மகன் அங்கேயே கிறிஸ்தவ நண்பன் யாகோப்பு வீட்டில் வளர்கிறான்.

அந்த நாட்களில் கனகம் இந்தப் பிள்ளையில்லாத வீட்டில் தனியாக இருந்து, அவனுக்காக வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தவள். அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

பின்னேரம் அவள் தன் பள்ளிக்கூடத்து அட்லசைக் கொண்டு வந்து விரித்தாள். அளக்க ஒரு நூல் கேட்டான். அவள் தையல் பெட்டியைத் திறக்கவில்லை. சாமியறைக்குப் போய் ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்து வந்தாள். போன ஆவணியில் நல்லூர்த் தேரடியில் வாங்கினாளாம். அந்த வாரம்தான் யாகோப்பு லீவில் ஊருக்கு வந்து அவளையும் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

சிங்கப்பூரில் ஒரு நுனியை வைத்து, யாழ்ப்பாணம் வரை இழுத்து, படத்தின் அடியில் இருந்த அளவுகோட்டில் பிடித்தான். ஆயிரத்து எழுநூறும் கொஞ்சமும். இவ்வளவு கிட்டவா என்று அவனே திகைத்தான்.

“மூவாயிரத்துக்கு மேலை வருது,” என்றான். “பொம்பிளையளுக்கு உந்தப் பயணம் சரிவராது.”

கனகாம்பிகை பூமிசாஸ்திரத்தில் பரிசு வாங்கியவள். அவன் விரல் பிடித்திருந்த இடம் நழுவாமல் கயிற்றை வாங்கித் தானும் கோட்டில் வைத்துப் பார்த்தாள்.

“ஆயிரத்து எழுநூறுதானே காட்டுது. ஏன் தூரமாக்கிறியள்?”

அவன் அட்லசை மூடிவிட்டான். அவள் கயிற்றை விரலில் சுற்றி, அவனுடைய பயணப் பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டைகளின்மேல் வைத்தாள்.

“அதேன் எனக்கு?” என்றான்.

அவள் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றாள். இத்தனை நாளும் விழுங்கியது அப்போதுதான் வெளியே வந்தது.

“யாகோப்பு அண்ணை வீட்டிலை அரைஞாண் கட்டியிருக்கமாட்டினம். நீங்கள் கட்டி, எங்கடை பிள்ளையை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ.”