வாஷர் மாற்றிய வகையில்

“பில்லுல சமையல்னு எழுதாதீங்க மாஸ்டர். குழாய் ரிப்பேர்னு எழுதுங்க.”

மாஸ்டருக்கு எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுபோனது.

வருஷக்கணக்கில் ஓட்டல் அடுப்படியில் வெந்துவிட்டு, இப்போதுதான் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியிருந்தார். வீடு வீடாகப் போய்ச் சமைத்துக் கொடுக்கும் தொழில். ஆசை ஆசையாக பில் புத்தகம் அடித்தபோது, செலவைச் சுருக்க, பெயரும் போன் நம்பரும் போதும், என்ன தொழில் என்பது வேண்டாம் என்று விட்டிருந்தார். அதுவே இப்போது வம்பாகிவிட்டது.

“எதுக்கு மேடம் இந்தப் பொய்?”

“வீட்டுக்காரர் ஆடிட்டர். துடைப்பம் வாங்கினாக்கூட பில் கேட்பார். நான்தான் சமைக்கிறேன்னு நினைச்சுட்டிருக்கார். சமையல்னு பார்த்தா நான் மாட்டிக்குவேன்.”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. கை வேகிறது இவருக்கு, பேர் அவளுக்கா?

ஆனால் வாரத்தில் மூன்று நாள் கூப்பிடும் வீடு அது ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: ‘வாஷர் மாற்றிய வகையில்.’

அதற்கப்புறம் கோழி சூப் வைத்தால் ‘அடைப்பு நீக்கிய வகையில்’ ஆனது. காளான் வறுத்தால் ‘திருகு இறுக்கிய வகையில்.’

பில் நகலைப் பார்த்துவிட்டு வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, சமைக்கப் போறேன்னு கிளம்பி, ஊரார் வீட்டுக் குழாயையா திருகிட்டு வர்றீங்க? நம்ம பாத்ரூம் குழாய் மாசக்கணக்கா ஒழுகுதே, அது கண்ணுக்குத் தெரியலையா?”

மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார்.

“நல்லாருக்கு நியாயம்! நீங்க ஆக்கிப் போடறதைத் தன் சமையல்னு சொல்லிப் பேர் வாங்குறாளா? என்ன பொம்பளை அவ!”

மாஸ்டரும் அதையேதான் நினைத்தார். அந்தக் காபியைக் குடிக்கும்வரை.

ஒரு நாள் மேடமே காபி போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்ததும் மாஸ்டருக்கு விழி பிதுங்கியது. சர்க்கரைக்குப் பதில் உப்பு!

நிமிர்ந்து பார்த்தார். எதிரே அவளும் அதே காபியை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“மேடம்... எந்த டப்பாவுல எடுத்தீங்க?”

அவள் முகம் மாறியது. அலமாரியிலிருந்து இரண்டு டப்பாக்களையும் எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தாள். “உப்பைப் போட்டுட்டேனா?”

அவர் மெல்ல “ஆமாம்” என்றார்.

“ஒரு காய்ச்சல் வந்துச்சு மாஸ்டர். போகும்போது நாக்குல ருசியையும் மூக்குல வாசனையையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. என் கைச் சமையல்னா அவருக்கு அவ்வளவு இஷ்டம். விஷயம் தெரிஞ்சா ஐயோ பாவம்னு என்னைப் பார்ப்பாரே, அந்தப் பார்வையை என்னால தாங்க முடியாது.”

மாஸ்டர் டம்ளரை எடுத்து அந்தக் காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

அன்றிலிருந்து கூலியைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மேடம் கேட்டதற்கு, “சின்னச் சமையல்தானே” என்று மழுப்பினார். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம் காலிங்பெல்லை அழுத்தினால், கதவைத் திறந்தது ஆடிட்டர்.

“பிளம்பர்தானே? வாங்க, உங்களைத்தான் பார்க்கணும்னு லீவு போட்டேன்.”

மாஸ்டர் ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தார். தோளில் தொங்கிய பையிலிருந்து கரண்டிக் காம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“அது என்ன?”

“அடைப்பு எடுக்கிற கம்பி சார்.”

“ஓஹோ.”

ஆடிட்டர் தன் அறைக்குக் கூட்டிப்போய், பில்களையெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் பரப்பினார்.

“ஒரு வாரத்துல மூணு ரிப்பேர். இப்படியொரு குழாயை நான் பார்த்ததே இல்லை.”

“பழைய குழாய் சார்.”

“புது வீடுய்யா இது!”

“த... தண்ணி சரியில்லை சார்.”

“சரி, அது போகட்டும். திடீர்னு கூலி பாதியா இறங்கிடுச்சே, அது எப்படி? கணக்கு உதைக்குதே?”

“வாஷர்தானே சார். சின்ன வேலை.”

ஆடிட்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சமையலறையில் மேடம் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றுபோனது போலிருந்தது. மாஸ்டர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாடிக்கை போச்சு. பொய் பில் கொடுத்ததாக போலீசுக்குப் போகாமல் இருந்தால் சரி. பாவம், அந்த அம்மா கதி என்னவோ?

ஆடிட்டர் அருகில் வந்து, காதோடு காதாகச் சொன்னார்:

“வியாழக்கிழமை மீனை நான் தட்டை வழிச்சுச் சாப்பிட்டுப் பிரமாதம்னு சொன்னப்போதான், காய்ச்சலுக்கப்புறம் முதல் தடவையா அவ சிரிச்சா. அதுக்குப் போய் வாஷர் காசா வாங்குவீங்க? பைப்லைனையே மாத்தினதா எழுதுங்க மாஸ்டர்... எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க!”