வீட்டுக்குள் வாசிக்காத மெட்டு

மூன்றாம் மாடியிலிருந்து வயலின் கேட்டபோது அகஸ்ரீனா குருவிக்கூட்டோடு பேருந்துத் தரிப்பில் நின்றாள்.

முதல் நான்கு சுரத்திலேயே அது எந்த மெட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மதியம் இரண்டு மணி. ஆபிரிக்காவிலிருந்து வீசிய சிரோக்கோ காற்று பலேர்மோவின் மொண்டெல்லோக் கடற்கரை முழுவதையும் மஞ்சளாக்கியிருந்தது. மணல் பல்லில் கடிபட்டது. மணற்பரப்பில் ஒரு மனிதர்கூட இல்லை.

அந்த மெட்டை அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தாள். போன மாசியில், அவள் வேலைசெய்யும் வீட்டுக்காரர் சின்யோர் முர்டோவின் மனைவியை அடக்கம் செய்த அன்று, குழியருகே.

முர்டோ ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு தீவில் பிறந்தவர். மழையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தார். சொல் ஒன்றும் இல்லை, வெறும் மெட்டு. மேலே ஏறி, யாரையோ தேடி, ஆளைக் காணாமல் பாதியில் இறங்கிவிடும். மன்னாரில் பிறந்த அவளுக்கு ஸ்கொட்லாந்து எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன தன் கணவர் அன்ரனிக்காக அழ முடியாமல் போன அழுகையெல்லாம் அன்று அந்தக் குழியருகே வந்தது.

திரும்பும் வழியில் அவர் சொன்னார். தன் தீவில் அதைச் சவம் வீட்டைவிட்டுப் போனபிறகு, வெளியில் வைத்துத்தான் வாசிப்பார்களாம். உயிருள்ளவர் இருக்கும் வீட்டுக்குள் வாசிக்கவே கூடாதாம். வாசித்தால் அது ஓர் ஆளைக் காவு கேட்குமாம்.

"எங்கடை பசாமும் அப்பிடித்தான், சின்யோர்" என்றாள் அவள். யேசுவின் பாடுகளை அழுது பாடும் பசாமைத் தவக்காலத்தில் மட்டுமே பாடலாம். மற்ற நாளில் முணுமுணுத்தாலே அம்மா வாயில் ஒன்று போடுவா.

இப்போது அவர் வீட்டுக்குள் வாசிக்கிறார்.

அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

காலையிலிருந்து அவர் வீட்டில் கண்டவையெல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் முன் நின்றன. இந்த வெக்கையில் அவர் கோட்டு சூட்டோடு இருந்தார். சப்பாத்து மினுக்கியிருந்தது. மனைவி வளர்த்த குருவியை "நீயே வைத்துக்கொள்" என்று தந்தார். திங்கட்கிழமை வரவேண்டாம், சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போ என்றார். ஊருக்குப் போகிறார் என்று நினைத்தாள். ஆனால் பயணப்பெட்டி அலுமாரியின் மேலேயே இருந்தது. தூசி தட்டியபோது இழுத்துப் பார்த்த மருந்து லாச்சி மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

பேருந்து வந்து கதவைத் திறந்தது.

நான்கு மணிக்கு அவளுக்கு இன்னொரு வீட்டில் வேலை. சீசாப் பகுதியில் அவள் வீட்டில் மகள் தனியே இருப்பாள்.

மேலே மெட்டு ஏறத் தொடங்கியது. அது இறங்கி முடிவதற்குள் போய்விட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பேருந்து போய்விட்டது. அவள் படியேறினாள். மாடிக்கு ஒரு 'அருள்நிறைந்த மரியே' செபம் சொன்னாள். மூன்றாவதைச் சொல்லி முடிக்கும்போது வயலின் நின்றது.

மணியை அழுத்தினாள். உள்ளே சத்தமில்லை.

மறுபடி அழுத்தினாள். படிக்கட்டின் யன்னலைக் காற்று அடித்தது. கூட்டுக்குள் குருவி பயந்து கீச்சிட்டது, விடாமல் கீச்சிட்டது.

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.

கதவு திறந்ததும் அவள் சொன்னாள்: "பஸ்ஸிலை குருவியை ஏத்தமாட்டானாம், சின்யோர். அதுக்கும் டிக்கெட் கேக்கிறான்."

பொய்தான். மாதா பொறுத்துக்கொள்வா.

கிழவர் கூட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "பலேர்மோவில் டிக்கெட் கேட்கிற சாரதியா? நாற்பது வருடத்தில் நான் ஒருவனைக்கூடக் கண்டதில்லை, அகஸ்ரீனா."

அவள் கூட்டைப் பழைய கொளுக்கியில் மாட்டினாள்.

மேசையில் ஒரு குவளை தண்ணீர் இருந்தது. பக்கத்தில் ஒரு சிறிய தட்டு. அதன்மேல் கிண்ணமொன்று கவிழ்த்திருந்தது. கிண்ணத்தைத் திறக்காமல், தட்டோடு அப்படியே சமையலறைக்கு எடுத்துப்போனாள். அவர் தடுக்கவில்லை.

குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த இலக்கத்தைப் பார்த்து மருத்துவருக்கு அழைத்தாள். அரை மணித்தியாலத்தில் வருகிறேன், அவரைத் தனியே விடவேண்டாம் என்றார் அவர். பிறகு மகளுக்கு எடுத்தாள்.

"பிள்ளை, அம்மா பிந்தித்தான் வருவன். புட்டு இருக்கு, சாப்பிடு."

தேநீர் போட்டு இரண்டு கோப்பையில் ஊற்றி, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் அந்தக் கதிரையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வயலின் அவர் மடியில் இருந்தது.

"எப்படித் தெரிந்தது?" என்று கடைசியில் கேட்டார்.

அவள் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஆறுது, குடியுங்கோ."

மூன்று வருடத்துக்கு முன், தன் கடைசி நாளான ஒரு வைகாசிக் காலையில், அன்ரனி கண்ணாடி முன் சவரம் செய்தபடி பசாம் முணுமுணுத்தார். கைப்பையோடு வாசலில் நின்ற அவள் அதைக் கேட்டாள். பெரிய வெள்ளி முடிந்து எத்தனை நாள், இந்த மனுசனுக்கு இன்னும் தவக்காலம் என்று சிரிக்கவும் செய்தாள்.

பலேர்மோவில் பேருந்து ஒருபோதும் நேரத்துக்கு வராது.

அன்று வந்தது. அவள் ஏறிவிட்டாள்.