ஒன்பது ஜூல்

எங்கள் சோதனை லேபின் செலஸ்டின் அண்ணன் இடுக்கியையும் தொட்டிக்குள்ளேயே ஊறவிட்டிருந்தார். இடுக்கியில் சூடு இருந்தால் இரும்பு அதைக் குடித்துவிடும்.

ஸ்பிரிட்டில் உலர்பனி நுரைத்துக்கொண்டிருந்தது. மைனஸ் நாற்பது.

வெளியே திருச்சி வெயில்.

தொட்டிக்குள் விரல் நீளத்தில் மூன்று எஃகுத் துண்டுகள், நடுவில் ஒரு வெட்டுடன். பனியில் சிக்கிய லாரிகளை இழுக்கும் கொக்கிகளுக்கான எஃகு.

அந்தக் கொக்கிகள் போகப்போகிற மலைக் கணவாயில்தான் என் கணவர் இறந்தார்.

அன்றும் ஒரு லாரியைத்தான் இழுத்தார்கள். கொக்கி வளையவில்லை. முறிந்தது. நல்ல எஃகு என்று சான்று பெற்ற கொக்கி. சோதித்தது மட்டும் வெயிலில்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம். ஊசல்போல் வீசி வந்து துண்டை அடிக்கும் சம்மட்டியை விடுமுன் ஆளுக்கு ஓர் எண் சொல்ல வேண்டும், துண்டு எத்தனை ஜூல் தாங்கும் என்று. அதிகம் தவறியவர் டீ வாங்க வேண்டும்.

கொக்கிக் கம்பெனியிலிருந்து வந்திருந்த பிரணதி, சாதாரண வெப்பத்திலும் பூஜ்யத்திலும் கிடைத்த அளவுகளைக் கோடு போட்டு நீட்டி, தொண்ணூறு என்றாள்.

கணக்கில் தப்பில்லை. இரும்புதான் கோட்டில் நடக்காது. ஒரு குளிர் வரை தாங்கும். அதற்குக் கீழே சட்டென்று கண்ணாடியாகிவிடும்.

அண்ணன் அறுபது என்றார்.

நான் ஒன்பது என்றேன்.

அவர் நிமிரவில்லை. முறிந்த கொக்கியின் மிச்சத்தைச் செதுக்கி, இதே தொட்டியில் அந்த மலைக் குளிருக்குக் கொண்டுவந்து உடைத்துப் பார்த்தவர் அவர்தான். அன்று அளவு காட்டும் முள் ஒன்பதில் நின்றது. முறிந்த முகம் சர்க்கரைபோல் மினுங்கியது.

துண்டை எடுத்தார். வைத்தார். விலகினார்.

சம்மட்டி இறங்கியது.

கணீரென்று கேட்கவில்லை. தொம்மென்று ஒரு சத்தம்.

அறுபத்து நான்கு.

துண்டு இரண்டாகவில்லை. மடங்கி, ஒரு பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. குளிர் குறையும்வரை காத்திருந்து விரலால் தடவினேன். கிழிந்த நார்போல் சொரசொரப்பு. மங்கிய சாம்பல் நிறம். மினுக்கம் எங்குமில்லை.

மற்ற இரண்டும் அப்படியே.

எப்போதும் இவ்வளவு குறைத்துத்தான் சொல்வேனா என்று பிரணதி கேட்டாள்.

“மேடத்துக்கு வேற நம்பரே தெரியாதும்மா. வந்த நாள்லேர்ந்து தோத்துக்கிட்டேதான் இருக்காங்க,” என்றார் அண்ணன்.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

“இன்னைக்கு வடையும் சொல்லுங்கண்ணே.”