ஒரு விரற்கடை

"வேலை தெரியலைன்னா கடையை இழுத்து மூடிட்டுப் போ! என் பொண்ணு கையைப் பாரு!"

லேத்துப் பட்டறைக்காரர் போட்ட சத்தத்தில், சைக்கிள் கடை வாசலில் காற்றடிக்க நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கி, பட்டைத் துணி சுற்றியிருந்தது. இடது கையால் தன் மலைப்பாதை சைக்கிளைப் பிடித்திருந்தாள்.

"மெதுவாங்க ஐயா. மாட்டி வெச்சிருக்கற டியூபெல்லாம் வெடிச்சிடப் போவுது" என்றார் மெக்கானிக்.

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. போன மாசம் இந்த முன்சக்கர ஃபோர்க்கை சர்வீஸ் பண்ணிக் குடுத்தது நீதானே?"

"நான்தான்."

"அதுக்கப்புறம்தான் இந்தக் கோளாறு. முதல்ல அவளுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வெச்சதே நீதான்!"

"சைக்கிள் மட்டும்தாங்க வித்தேன். பைத்தியம் தனியா விக்கறதில்ல."

காற்றடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். பட்டறைக்காரர் பல்லைக் கடித்தார்.

மலைச்சரிவில் இறங்குகிற பந்தயத்துக்கு மகளைப் பேர் கொடுக்கச் சொன்னது இந்த மெக்கானிக்தான். போன வருஷம் அவள் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது. அன்றிலிருந்து பட்டறைக்காரர் இந்தத் தெருவழியாகப் போவதையே விட்டிருந்தார். சுற்றுவழியானாலும் பரவாயில்லை, இவன் மூஞ்சியில் விழிக்கக்கூடாது.

"என்னம்மா செய்யுது?" என்று மகளிடம் கேட்டார் மெக்கானிக்.

"முன்பக்கம் தாழ்ந்த மாதிரி இருக்குண்ணா. பள்ளத்துல இறங்கினா ஃபோர்க் சீக்கிரமே அமுங்கி, 'டக்'குனு இடிக்குது. அந்த அடி நேரா கைக்கு வருது. நாளைக்குத் தேர்வுப் பந்தயம் வேற."

மெக்கானிக் சின்ன பம்பை மாட்டிப் பார்த்தார். "காத்து சரியா இருக்கு. ஒழுகல." ஃபோர்க்கின் பளபளப்பான காலில் அளவுகோலை வைத்தார். "ஆனா அமுங்க வேண்டிய தூரத்துல ஒரு விரற்கடை குறையுது. உள்ள ஏதோ தடுக்குது. கழட்டித்தான் பாக்கணும்."

"கழட்டு. நீ கிழிச்ச கிழி என்னன்னு நானும் பாக்கறேன்."

"நான் ஒரு போன் பேசிட்டு வரேன்" என்று மகள் வெளியே போனாள்.

மெக்கானிக் காற்றை இறக்கினார். அடியில் இருந்த போல்ட்டை ரப்பர் சுத்தியலால் தட்டி, கீழ்க்குழாயைப் பிரித்து, உள்ளேயிருந்த தண்டை உருவினார். எண்ணெய் சொட்டியது. தண்டைக் கவ்விக்கொண்டு ஒரு வெள்ளை நைலான் வளையம் இருந்தது.

அதை எடுத்துத் துடைத்து, பட்டறைக்காரர் முன்னால் வைத்தார்.

"இது கம்பெனி சாமான் இல்லீங்க" என்றார் மெதுவாக. "யாரோ லேத்துல கடைஞ்சிருக்காங்க. நல்ல கை. ஓரத்துல ஒரு பிசிறு இல்ல பாருங்க."

பட்டறைக்காரர் பார்க்கவில்லை. மகள் சித்தி வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை அவரே கடைந்து, அவரே ஃபோர்க்கைப் பிரித்து மாட்டியது அது. கம்பெனி சாமான் என்றே இவன் நினைத்துவிடுவான் என்று நம்பித்தான் கழட்டச் சொல்லியிருந்தார்.

"அமுங்கறது குறைஞ்சா பயம் வரும், வேகமாப் போக மாட்டாள்னு…" என்று இழுத்தார் பட்டறைக்காரர்.

"அவ வேகம் குறையலீங்க. அடியை வாங்கிக்க வேண்டிய தூரம்தான் குறைஞ்சு போச்சு."

பட்டறைக்காரர் வாசல் பக்கம் பார்த்தார். மகளின் முதுகு தெரிந்தது.

"அவகிட்ட சொல்லிடாதப்பா."

கடைக்குள் வந்ததிலிருந்து இப்போதுதான் அவர் வாயில் மெக்கானிக்குக்கு ஒரு 'ப்பா' வந்தது.

"நான் சொல்ல மாட்டேங்க. நீங்க சொல்லுங்க. உங்க பொண்ணுதானே."

மகள் உள்ளே வந்தாள். "என்னண்ணா, கண்டுபிடிச்சீங்களா?"

மெக்கானிக் பட்டறைக்காரரைப் பார்த்தார். பட்டறைக்காரர் சுவரில் தொங்கிய டயர்களைப் பார்த்தார். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். அதற்கு மேல் துடைக்க எதுவும் இல்லை.

"என் தப்புதாம்மா" என்றார் கடைசியில். "சர்வீஸ் பண்றப்போ வேற வண்டியோட வளையத்தை இதுல மாட்டிட்டேன்."

வாசலில் நின்ற ஒருவர் 'உச்' கொட்டினார். இன்னொருவர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த கடைக்குக் கிளம்பினார்.

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்படியாப்பா? இவரா மாட்டினாரு?"

இப்போதுகூடச் சொல்லியிருக்கலாம்.

"வேற யாரு? இந்த மாதிரி ஆளுங்ககிட்ட வண்டியைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

சொல்லி முடித்ததும் அவருக்குக் காது மடல் எரிந்தது. மெக்கானிக் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வளையத்தை விட்டுவிட்டு ஃபோர்க்கைப் பூட்டினார்.

தெருவில் மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"நாளைக்கு நானும் பந்தயம் பாக்க வரட்டுமாம்மா?" என்றார், ஏதாவது பேசியாக வேண்டுமே என்று.

"வேண்டாம்பா."

கொஞ்ச தூரம் போனதும் அவளே நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நேத்தே நானும் அந்த அண்ணனும் கழட்டிப் பாத்துட்டோம்பா. பாத்ததும் யார் கைவேலைன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. திரும்ப உள்ளயே வெச்சுப் பூட்டச் சொன்னது நான்தான். உங்க எதிர்ல எடுத்தா நீங்களே ஒத்துக்குவீங்கன்னு. 'ஒத்துக்கலைன்னா என்னம்மா பண்றது?'ன்னு அவர் கேட்டார். நான்தான், 'உங்களுக்கு எங்கப்பாவைத் தெரியாதுண்ணா'ன்னு சொல்லிட்டு வந்தேன்."