மாடு தின்னாத செடி

"அண்ணே, உங்ககிட்ட இருக்கிறதுலயே யாருக்கும் பிடிக்காத செடி எது?"

பேத்துப்பாறை ரோட்டில் நர்சரி வைத்த நாளிலிருந்து மனுவேலிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் இருப்பதிலேயே அழகானதைக் கேட்பார்கள். பிறகு இருப்பதிலேயே மலிவானதை வாங்கிப் போவார்கள். அதுதான் முறை.

கேட்டவன் ரஷாத். பஜாரில் சாக்லேட் கடையில் நிற்பவன், முப்பது வயது இருக்காது. அவன் மனைவி சமீஹா வெளியே ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"பிடிக்காததா?" என்றார் மனுவேல்.

"ஆமாண்ணே. காட்டுமாடு திங்கக் கூடாது. டூரிஸ்ட்டு பறிக்கக் கூடாது. தண்ணி ஊத்த ஆள் கெடையாது. யாராச்சும் வெட்டிப் போட்டாலும் திரும்ப வரணும்."

"அதுக்குப் பேரு செடி இல்ல தம்பி, அரசியல்வாதி."

ரஷாத் சிரிக்கவில்லை. மனுவேலே சிரித்து, மனுவேலே நிறுத்திக்கொண்டார்.

"ஹைட்ரேஞ்சியா எடுத்துக்கங்க. நல்ல நீலத்துல இருக்கு."

"மாடு திங்குமாண்ணே?"

மனுவேல் பொய் சொல்லாதவர். "எங்க வீட்டுல திங்குது."

ரஷாத் ஏற்கெனவே இரண்டு முறை ரோஜா வைத்துப் பார்த்துவிட்டானாம். முதல் ரோஜாவைக் காட்டுமாடு வேரோடு தின்றது. இரண்டாவதற்கு மூங்கில் தட்டியில் வேலி கட்டினான். அதை வேலியோடு தின்றது.

"நாளைக்கு வெள்ளனே திருப்பூர் போறோம்ணே. அங்கதான் இனிமே சோலி. மழ புடிச்சா மண்ணு அமுங்கி, புல்லு மூடிரும். அடுத்து வர்றப்ப எந்த எடம்னே தெரியாமப் போயிரும். அங்க ஏதாச்சும் ஒண்ணு நிக்கணும், அவ்ளோதான்."

"அப்ப பிளாஸ்டிக் செடிதான். என்ன, மலையில பிளாஸ்டிக் கண்ணுல பட்டா ஃபைன் போடுவான்."

"உசுரோட இருக்கணும்ணே."

எல்லாவற்றையும் சொன்னான். இடம் எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை.

சொல்லாததை மனுவேல் தாமே நிரப்பிக்கொண்டார். இது மே மாதம். தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வீடு வீடாக வரும் நேரம். போன வருடம் அட்டுவம்பட்டியில் ஒருவர், பக்கத்து வீட்டு டேலியா பாத்தியில் களையாக மண்டட்டும் என்று கோரைக்கிழங்கை அள்ளிப் போட்டுவிட்டார். இரண்டு குடும்பமும் இன்றுவரை சர்ச்சில் ஆளுக்கொரு பக்கமாகத்தான் உட்காருகின்றன.

"பக்கத்து காட்டேஜ்காரன் தோட்டத்துல எறியவா?"

"ஐயோ, இல்லண்ணே."

"வளைச்சுப் போட்ட எடமா?"

"பொது எடம்ணே. அதுல எங்களுக்குக் கொஞ்சம்."

புறம்போக்கு என்று மனுவேல் முடிவு கட்டினார். முடிவு கட்டிய பிறகு அவருக்கு நிம்மதியாக இருந்தது. பட்டா இல்லாதவனுக்கும் ஒரு செடி வேண்டும்தானே.

ஜெரேனியம் வரிசையைத் தாண்டி, ஃபுக்‌ஷியா தொட்டிகளைத் தாண்டி, பின்வேலிக்கு அவனைக் கூட்டிப்போனார். அங்கே நின்றது உண்ணிச்செடி. அதை வேலி தாங்குகிறதா, வேலியை அது தாங்குகிறதா என்று தெரியவில்லை.

அது மனுவேலின் பரம எதிரி. வெட்டியிருக்கிறார். வேரைத் தோண்டியிருக்கிறார். உப்பைக் கொட்டியிருக்கிறார். ஒரு தடவை தீயும் வைத்தார். அதில் உரம் வைக்கும் ஷெட் எரிந்தது. உண்ணிச்செடி பிழைத்தது.

"இலையக் கசக்குனா நாறும். தண்டெல்லாம் முள்ளு. மாடு மோந்து பாத்துட்டுப் போயிரும். தோட்டம்னு ஒண்ணு வச்சிருக்கிற எவனும் இத வைக்க மாட்டான். நான் குடுத்தேன்னு மட்டும் வெளிய சொல்லிராதீங்க."

"அதுல பூ வருமான்னு கேளுங்க."

இருவரும் திரும்பினார்கள். சமீஹா ஜெரேனியம் வரிசைவரை வந்திருந்தாள். துப்பட்டாவின் நுனியைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மனுவேல் நேராக அவளுக்கே பதில் சொன்னார். "வரும்மா. வேணாம்னாலும் வரும். சின்னச் சின்னதா, மஞ்சளும் ரோசும் கலந்து. ஒருத்தனும் பறிக்க மாட்டான்."

"அப்ப இதையே வைங்க" என்று கணவனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

மனுவேல் மண்வெட்டியை எடுத்தார். இத்தனை வருடத்தில் அந்தச் செடியை அவர் பதமாகத் தோண்டியது இதுதான் முதல் தடவை.

"காசெல்லாம் வேணாம். இத எடுத்துட்டுப் போறதே எனக்குப் பெரிய உபகாரம். எத்தன வேணும்? மொத்தமும் வேணும்னாலும் சந்தோசந்தான்."

"ரெண்டு போதும்ணே."

"நடுவுல நல்லா எடம் விடணும் தம்பி. ஆறடியாச்சும் விடுங்க. கிட்டக்க வச்சா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிரும்."

"அவ்ளோ எடம் வராதுண்ணே" என்றான் ரஷாத். "தலமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு."

மண்வெட்டி நின்றது.

பஜார் பாய்மார்கள் அடக்கம் செய்த கபர்மேல் பச்சைக் கிளை நடுவதை மனுவேல் பார்த்திருக்கிறார். சிலர் அவரிடமே வாங்கிப் போயிருக்கிறார்கள். யாரும் இப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"அதுக்கும் ஆறடி வருமே தம்பி" என்றார். குரல் தானாகத் தாழ்ந்திருந்தது. "பெரியவங்க யாரும் தவறிட்டாங்களா?"

ரஷாத் சமீஹாவைப் பார்த்தான். அவள் ஜெரேனியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குத்தவைத்து உட்கார்ந்து, தோண்டிப் போட்ட ஈரமண்ணில் கையை விரித்து அளந்து காட்டினான்.

ஒரு சாண். இரண்டு சாண்.

மூன்றாவதற்குக் கையை முழுதாக விரிக்கவில்லை.