முப்பத்திரண்டு பாட்டில் ஜாம்

“முப்பத்திரண்டு பாட்டிலா? போன வாரம் குடுத்தது அதுக்குள்ள தீர்ந்துட்டா?” போனைக் காதில் வைத்தபடியே குழல்வாய்மொழி தன் கணவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். தில்லைநாயகம் பார்வையைத் தாழ்த்தினார்.

அவர் முன்னால் தட்டில் இரண்டு கோதுமை ரொட்டி. இரண்டின் மேலும், ரோட்டுக்குத் தார் பூசியது போல நாவல்பழ ஜாம்.

ஆறு வாரத்துக்கு முன்பு வரை தென்காசியிலேயே நிம்மதியான பத்திர எழுத்தர் அவர்தான். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இருநூற்று எண்பது என்று வந்ததும் எல்லாம் போயிற்று. அவர் தினமும் ரொட்டியில் தடவித் தின்ற கடை ஜாமைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழல்வாய்மொழி தானே ஜாம் செய்யக் கிளம்பிவிட்டாள்.

நாவல்பழத்தைக் கொட்டை நீக்கி வேகவைத்து மசித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, கெட்டிப்படச் சியா விதை தூவினாள். அதோடு விட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். சர்க்கரைக்கு நல்லதென்று வெந்தயப் பொடி, நாவல்கொட்டைப் பொடி, அரை டம்ளர் பாகற்காய்ச் சாறு எல்லாம் சேர்த்துக் கிண்டி இறக்கினாள்.

முதல் வாய் வைத்ததும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“ஏட்டி, இத மனுசன் திம்பானா?”

“ஊர்ல சுகர் உள்ளவுக எத்தன பேரு இந்த மாதிரி ஜாமத் தேடுதாவ தெரியுமா?”

“தேடுதாவளா? வெளியாள் எவனாவது ஒருத்தன் ரெண்டாவது தடவ வந்து இத வாங்கட்டும். அன்னையிலேருந்து மூணு வேளையும் நான் இதத்தான் திம்பேன்!”

பத்திரத்தில் ஒரு கமாவைக்கூட யோசித்துப் போடுகிற மனிதர், வீட்டில் வாயை விட்டுவிட்டார். குற்றாலத்தில் ஐந்தருவி போகும் வழியில் லாட்ஜ் நடத்தும் செல்லச்சாமிக்கு அவள் நாலு பாட்டில் கொடுத்துப் பார்த்தாள். மறு வாரமே அவனிடமிருந்து முப்பத்திரண்டு பாட்டிலுக்கு ஆர்டர். அதற்கடுத்த வாரமும் அப்படியே. இன்றோடு மூன்றாவது முறை.

குழல்வாய்மொழி வேண்டுமென்றே போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“பதினாறு ரூம்க்கா. ரூமுக்கு ரெண்டு,” என்றான் செல்லச்சாமி.

“சீனி போடாததுல்லா தம்பி, வெளிய வச்சா கெட்டுரும். எல்லாத்தையும் ஃப்ரிட்ஜுல வச்சிருங்க.”

“கெட்டா கெட்டுட்டுப் போவுதுக்கா. கைப்பு மட்டும் கொறையாம பாத்துக்கிடுங்க. அதான் முக்கியம்.”

“கேட்டீங்களா? ருசி அறிஞ்சவுக பேசுதத,” என்றாள் அவரிடம். தில்லைநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரொட்டியை விழுங்கினார்.

சனிக்கிழமை ஜாம் பெட்டியோடு குற்றாலத்துக்கு அவரே ஆட்டோ பிடித்தார். இந்த ஜாமை ஒரு மனிதன் மனதார உண்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் சபதம். பாராட்டு வாங்கப் போவதால் குழல்வாய்மொழி பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள்.

சாரல் நேரம், குற்றாலமே கூட்டமாகக் கிடந்தது. பக்கத்து லாட்ஜ் வாசலில் ஒரே கூச்சல். ஒரு அம்மாவின் கையிலிருந்த பூரிப் பொட்டலத்தைக் குரங்கு ஒன்று பறித்துக்கொண்டு கார் மேல் உட்கார்ந்திருந்தது.

செல்லச்சாமியின் லாட்ஜில் அந்த அமளியெல்லாம் இல்லை. ஜன்னல்கள் விரியத் திறந்து கிடந்தன. மாடியில் ஒரு குடும்பம் ஜன்னலோரம் உட்கார்ந்து, சுடச்சுட பஜ்ஜியைப் பிட்டு எதிலோ தொட்டுத் தின்றுகொண்டிருந்தது.

“எவ்வளவு நிம்மதியா சாப்பிடுதாவ, பாருங்க,” என்றாள் குழல்வாய்மொழி.

தில்லைநாயகம் அவளைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை. தன்னுடைய சர்க்கரையும் நூற்று ஐம்பதுக்கு இறங்கியிருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. இனி சாகும்வரை முகம் சுளிக்காமல் இதைத் தின்பது என்று முடிவு செய்துகொண்டார்.

“மொழி, ஜாம்ல குத்தமில்ல. என் நாக்குதான் சரியில்ல.”

அவள் வெட்கப்பட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

செல்லச்சாமி ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். “நல்ல வேளை வந்தீங்கக்கா! ஒரு நாள் இது இல்லேன்னா ரூம்காரங்க என்னைய உண்டு இல்லேன்னு ஆக்கிருவாங்க. பக்கத்து லாட்ஜ்காரனும் அம்பது பாட்டில் கேக்கான்.”

குழல்வாய்மொழி பெருமையாகக் கணவரைப் பார்த்தாள். அவரும் மனம் நிறைந்துபோய்க் கேட்டார்.

“ஆமா தம்பி, எல்லாரும் இத எதுல தடவிச் சாப்பிடுதாவ? ரொட்டியிலயா, தோசையிலயா?”

செல்லச்சாமி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“சாப்பிடவா? அண்ணாச்சி, இத ஜன்னல்ல தொறந்து வச்சா ஒரு குரங்குகூட கிட்ட வரமாட்டேங்குல்லா!”