மூன்றாவது கைதட்டல்

போன கோடையில், சென்னையிலிருந்து அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஜப்பானில் இறங்கி ஒரு ஷின்டோ கோயிலுக்குப் போனார்கள். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும் என்று வாசலில் படம் போட்டிருந்தது. ஆறு வயது சுஹாஸ் மூன்று தட்டினான்.

"ரெண்டுதான்டா கண்ணா," என்றாள் ஜலஜா.

"தேர்ட் ஒன் இஸ் மைன், அம்மா."

அங்கே அவனுக்கு வாங்கிய சிவப்புத் துணித் தாயத்து பூஜை அலமாரி ஆணியில் தொங்கியது. தினமும் ஸ்கூலுக்குக் கிளம்பும்முன் அதன் எதிரே மூன்று தட்டுவான். பிப்ரவரியில் காய்ச்சலில் போய்விட்டான்.

இப்போது ஆபீஸ் கிளம்பும்முன் ஜலஜா இரண்டு தட்டுகிறாள். மூன்றாவது அவளுக்குப் பின்னால், இடுப்புயரத்திலிருந்து வரும். முதல் நாள் திரும்பிப் பார்த்தாள். அதன்பிறகு பார்ப்பதில்லை. கணவன் வாஞ்சிநாதனிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் தாயத்தைக் கழற்றினான்.

"இதை வாங்கி ஒரு வருஷம் ஆச்சு ஜலஜா. கோயில்லயே திருப்பிக் குடுத்துடணும்னு சொன்னாங்கல்ல? எங்க ஆபீஸ் நவநீத் டோக்கியோ போறான், குடுத்தனுப்பிடறேன்."

சாயங்காலம் வந்து, "குடுத்துட்டேன்," என்றான்.

மறுநாள் காலை வெறும் ஆணிக்கு முன்னால் இரண்டு தட்டிவிட்டுக் காத்திருந்தாள். ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, கராஜ் கதவுவரை போனாள்.

உள்ளே வாஞ்சி மெதுவாக இரண்டு முறை கைதட்டுவது கேட்டது.

பிறகு, சின்னதாக, இன்னொன்று.

ஜலஜா சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினாள்.